மதர்போர்டு மாட்டுவது முதல் பயாஸ் செட்டிங் வரை: முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன், கூடவே டிப்ளமோ முடித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு வேலையும் கற்றுக்கொடுக்கிறேன். அவர்கள் தடுமாறுகிற இடங்களைக் கவனித்தால், பாதிக்கு மேல் வரிசை மாறிப்போனதால் வந்த தடுமாற்றம். மதர்போர்டைக் கேபினெட்டுக்குள் இறுக்கிவிட்டு அப்புறம் ஐஓ ஷீல்டைத் (போர்டின் பின்பக்கப் போர்ட்டுகளைச் சுற்றி வரும் தகடு) தேடுவார்கள். எல்லாவற்றையும் மாட்டி, ஒயரைக் கட்டி, மூடியையும் போட்டுவிட்டுக் கடைசியில் ஸ்விட்சைத் தட்டினால் டிஸ்ப்ளே வராது, எங்கே தப்பு என்று பார்க்க மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும்.

அதனால் இங்கே வரிசைப்படியே சொல்கிறேன், ஏன் அந்த வரிசை என்பதோடு. காரணம் தெரிந்திருந்தால் உங்கள் போர்டு கொஞ்சம் வேறு மாதிரி இருந்தாலும் சமாளித்துவிடலாம்.

1. வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

பிராசசரும் போர்டும் ஒரே சாக்கெட்டாக (பிராசசர் உட்காரும் இடத்தின் வகை) இருக்க வேண்டும். இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1700. ஏஎம்டியில் ரைசன் 5000 வரிசை வரை ஏஎம்4, 7000 வரிசையிலிருந்து ஏஎம்5. ரேமிலும் இதே கதைதான்: ஏஎம்4 என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5, எல்ஜிஏ 1700-இல் இரண்டு வகைப் போர்டும் கிடைக்கிறது. போர்டின் பெயரை முழுதாகப் படித்துவிட்டு ரேம் வாங்குங்கள். இரண்டு ரேமுக்கும் நடு வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது ஏறாது.

சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது, போர்டில் உள்ள பயாஸுக்கும் (மெஷினை எழுப்பும் முதல் புரோகிராம்) அந்தப் பிராசசரைத் தெரிந்திருக்க வேண்டும். பி450 போர்டில் ரைசன் 5000, பி660 போர்டில் 13-ஆம் தலைமுறை என்று மாட்டும்போது, போர்டு பழைய ஸ்டாக்காக இருந்தால் டிஸ்ப்ளே வராது. கடையிலேயே கேளுங்கள், அவர்கள் அப்டேட் செய்து தருவார்கள். பிராசசர் இல்லாமலே பென்டிரைவ் வழியாகப் பயாஸ் ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பட்டன் சில போர்டுகளில் உண்டு, அது இருந்தால் கவலையில்லை.

அடுத்து, படம் எங்கிருந்து வரப்போகிறது? இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்று முடிந்தால் (12400எஃப் மாதிரி) அதில் கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600-லும் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. இது தெரியாமல், கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் போர்டின் எச்டிஎம்ஐயில் கேபிளைச் சொருகிவிட்டு ஒரு நாள் முழுக்கப் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இன்டெல் போர்டு, ஏஎம்5 போர்டு வாங்கினால் கடைக்காரர் முன்னாலேயே சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை எடுத்துப் பின்களைப் பாருங்கள். மொபைல் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் எல்லாப் பின்னும் ஒரே பக்கமாக வரிசையாக மின்னும், வளைந்த பின் மட்டும் தனியாக வேறு பக்கம் மின்னும். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைப்பது மிகக் கடினம், கடையை விட்டு வந்தபின் யார் வளைத்தது என்று நிரூபிக்க வழியில்லை.

2. வேலைக்கு உட்காரும் முன்

நடுத்தர அளவில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், எம்.2 எஸ்எஸ்டியின் (போர்டிலேயே படுக்க வைக்கும் மெல்லிய டிஸ்க்) ஸ்க்ரூவுக்குச் சின்னதாக ஒன்று. முனையில் காந்தம் இருந்தால் நல்லது. டார்ச், ஒயர் கட்டும் டேக், ஸ்க்ரூ போட்டு வைக்க ஒரு கிண்ணம், பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் (கூலரில் ஏற்கெனவே தடவியிருந்தால் வேண்டாம்). 8 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவ் ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் போர்டின் லேன், வைஃபை டிரைவர். இந்த இரண்டாவதை எல்லோரும் மறப்பார்கள். விண்டோஸ் 11 போடும்போது நெட் கேட்கும், புதுப் போர்டின் லேன் சிப் அதற்குத் தெரியாமல் போனால் அங்கேயே நின்றுவிடும்.

எர்த் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கம் பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், ஆனால் எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மின் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் கரண்ட் லைனிலிருந்து கேபினெட்டின் உலோகத்துக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவு போக வழியில்லாமல் கேபினெட்டிலேயே நிற்கும். வெறுங்காலோடு தரையில் நின்று கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பது இதனால்தான். மனிதருக்குச் சின்ன அதிர்வு, போர்டின் யூஎஸ்பி போர்ட்டுக்கும் எச்டிஎம்ஐக்கும் அது எமன். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

உங்கள் உடம்பில் உள்ள ஸ்டாட்டிக்கை இறக்க, போர்டைத் தொடும் முன்பும் இடையிடையேயும் எர்த் உள்ள கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத இரும்பைத் தொடுங்கள். மர மேஜை போதும். பட்டு, நைலான் துணி விரித்த கட்டில் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பஸ் பார்சலில் வந்த பெட்டி ஈரமாக இருந்தால் உடனே பிரிக்காதீர்கள். ஒரு ராத்திரி காய்ந்த அறையில் இருக்கட்டும். ஏசி அறையிலிருந்து புழுக்கமான அறைக்குக் கொண்டுவந்த பாகத்தின் மேல் நீர் பூத்துவிடும், அதுவும் உலர வேண்டும்.

3. பிராசசர்

முதலில் இது, ஏனென்றால் கூலரும் ரேமும் வந்துவிட்டால் சாக்கெட்டைச் சுற்றிக் கை போகாது. போர்டை அதன் அட்டைப்பெட்டியின் மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

பிராசசரின் ஒரு மூலையில் சின்னத் தங்க முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் அதே மூலையில் ஒரு குறி இருக்கும். இரண்டும் சேர வேண்டும்.

எல்ஜிஏ 1700-இல் லீவரைத் தூக்கி, இரும்புச் சட்டத்தைத் திறந்து, பிராசசரின் இரண்டு ஓரங்களையும் பிடித்து நேராக இறக்குங்கள். உட்கார்ந்தபின் தேய்க்காதீர்கள், நகர்த்தாதீர்கள். சட்டத்தை மூடி லீவரை அழுத்தும்போது கொஞ்சம் பலம் வேண்டியிருக்கும், கிறீச்சென்று சத்தமும் வரும், புதியவர்கள் அந்தச் சத்தத்தில் பயந்து பாதியில் விட்டுவிடுவார்கள். அது இயல்பு. பிளாஸ்டிக் மூடி சட்டத்தின் மேல் இருந்தால் லீவர் இறங்கும்போது தானாகக் கழன்று வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும். லீவரை நிமிர்த்தி, முக்கோணத்தைப் பொருத்தி வைத்தால் தன் எடையிலேயே இறங்கிவிடும். அழுத்தவே கூடாது. இறங்கவில்லை என்றால் திசை தப்பு, அல்லது ஒரு பின் வளைந்திருக்கிறது.

மன்னார்குடியிலிருந்து வந்த ஒரு தம்பி, 8 ஜிபி ரேம் இரண்டு போட்டும் 8 ஜிபிதான் காட்டுகிறது என்று போர்டைக் கொண்டுவந்தான். ரேமை மாற்றிப் பார்த்தோம், ஸ்லாட்டை மாற்றிப் பார்த்தோம், அதேதான். “பிராசசர் வைக்கும்போது கை நழுவுச்சா தம்பி?” என்று கேட்டேன். “ஒரு மூலை மட்டும் லேசா இடிச்சுது அண்ணே” என்றான். திறந்து டார்ச் அடித்தால் மூலையில் இரண்டு பின் தலை சாய்ந்து கிடந்தன. ஒரு சேனலுக்கு (பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவில் உள்ள பாதை) போகும் பின் தொடவில்லை என்றால் அந்தப் பக்கத்து ரேம் முழுக்கக் காணாமல் போய்விடும், மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ரேம் பாதி காட்டினால் சாக்கெட்டையும் சந்தேகப்படுங்கள்.

4. ரேம், எம்.2 எஸ்எஸ்டி

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போடுவதானால், பிராசசரிலிருந்து எண்ணி 2-ஆவதும் 4-ஆவதும். ஒரே ரேம் என்றால் 2-ஆவது. பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் விழும், வேகம் குறையும். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசசரின் கிராபிக்ஸையே நம்பியிருந்தால் இந்தக் குறைவு கண்ணுக்கே தெரியும்.

வெட்டைப் பொருத்தி இரண்டு முனையையும் அழுத்துங்கள், டிக் என்று சத்தம் வரும்வரை. டிஸ்ப்ளே வரவில்லை என்று என்னிடம் வருகிற புது மெஷின்களில் அதிகம் பார்ப்பது, ஒரு முனை முழுதாக இறங்காத ரேம். சில போர்டுகளில் ஒரு பக்கம்தான் கிளிப் இருக்கும், கிளிப் இல்லாத பக்கத்தை நன்றாக அழுத்திப் பாருங்கள்.

எம்.2 எஸ்எஸ்டியைப் பிராசசருக்குப் பக்கத்து ஸ்லாட்டில் போடுங்கள். வழக்கமாக வருவது 2280, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சாய்வாகச் சொருகி, மெல்லப் படுக்க வைத்து, ஸ்க்ரூ. மேலே ஹீட்சிங்க் தகடு வருகிற போர்டு என்றால் தகட்டின் அடியில் உள்ள பேடில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் மூடினால் சூடு தகட்டுக்குப் போகாது.

மேனுவலில் ஒரு வரி தேடிப் படியுங்கள்: சில போர்டுகளில் இன்ன எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் இன்ன சாட்டா போர்ட் (ஹார்டுடிஸ்க் ஒயர் சொருகும் இடம்) வேலை செய்யாது என்று இருக்கும். பழைய ஹார்டுடிஸ்கைக் காணோம் என்று பிறகு தேட வேண்டாம்.

5. கூலர்

பேஸ்ட் ஒரு துவரம்பருப்பு அளவு, நடுவில். கூலரின் அழுத்தம் அதைப் பரப்பிவிடும்.

இன்டெல்லோடு வரும் கூலரில் நான்கு அழுத்துப் பின்கள். அம்புக்குறி காட்டும் திசை கழற்றுவதற்கு, ஆகவே மாட்டும் முன் நான்கையும் அதற்கு எதிராகத் திருப்பி வையுங்கள். எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். ஒரே பக்கத்தை முதலில் இறக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். பிறகு போர்டைத் திருப்பி, நான்கு இடத்திலும் முனை முழுசாக வெளியே வந்திருக்கிறதா பாருங்கள். இதைப் போர்டு கேபினெட்டுக்கு வெளியே இருக்கும்போதுதான் பார்க்க முடியும். பழைய கூலரைப் போட ஆசைப்படுபவர்களுக்கு: எல்ஜிஏ 1700-இன் துளை இடைவெளி முந்தைய சாக்கெட்டைவிட அகலம், நேரடியாகப் பொருந்தாது.

ஏஎம்4-இல் சின்னக் கூலர் என்றால் போர்டில் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். அவற்றைக் கழற்றியவுடன் அடியில் இருக்கும் இரும்புத் தகடு விழுந்துவிடும், கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபேன் ஒயரை சிபியூ ஃபேன் என்று எழுதியுள்ள 4 பின்னில்தான் சொருக வேண்டும். வேறு இடத்தில் சொருகினால் ஃபேன் சுற்றும், ஆனால் பயாஸ் ஃபேன் இல்லை என்று நிறுத்திவிடும்.

6. பெட்டி மேல் வைத்தே உயிர் பார்த்துவிடுங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. என்னிடம் கற்றுக்கொள்பவர்களை இதைச் செய்யாமல் நான் அடுத்த படிக்கு விடுவதில்லை. கேபினெட்டுக்குள் போகும் முன் போர்டு உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், உள்ளே போனபின் வருகிற எந்தப் பிரச்சினையும் கேபினெட்டாலோ ஒயராலோ வந்தது என்று உறுதியாகிவிடும். தேடும் இடம் பாதியாகக் குறைகிறது.

போர்டு அட்டைப்பெட்டியின் மேல் இருக்கட்டும். அது வந்த சாம்பல் நிறக் கவரின் மேல் வைக்காதீர்கள், சில கவர்களின் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தும்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 24 பின் ஒயரும், பிராசசருக்கு உள்ள 8 பின் ஒயரும் சொருகுங்கள். இந்த 8 பின் இரண்டு 4 பின்னாகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கான ஒயரும் 8 பின்தான், ஆனால் 6-ஆகவும் 2-ஆகவும் பிரியும். இரண்டிலும் பிளஸ், எர்த் இடம் மாறியிருக்கும், அதனால்தான் துளை வடிவத்தையே வேறாகச் செய்திருக்கிறார்கள். இறுக்கமாக இருக்கிறது என்று அழுத்தித் திணித்தால் ஷார்ட்தான். மாடுலர் எஸ்எம்பிஎஸ் (ஒயர்களைத் தனியாகக் கழற்றும் வகை) என்றால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரை இதில் பயன்படுத்தக் கூடாது. போர்டு பக்கம் ஒரே மாதிரி இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் பின்னால் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230 என்று இருக்கிறதா பாருங்கள். 115-இல் வைத்து நம் கரண்டைக் கொடுத்தால் ஒரே வெடி.

கீபோர்டு, மானிட்டர் சொருகுங்கள். பிராசசரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டையும் ஸ்லாட்டில் நிறுத்தி, அதன் பவர் ஒயரையும் கொடுங்கள். இப்போது பவர் ஸ்விட்ச் என்று குறித்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டு எடுங்கள். ஃபேன் சுற்றும்.

டிடிஆர்5 போர்டு, குறிப்பாக ஏஎம்5, முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ளப் பல நிமிடம் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும். போர்டில் டிரேம் என்று எழுதிய சின்ன விளக்கு எரியும். பொறுத்திருங்கள், பத்து நிமிடம்கூட. இடையில் அணைத்தால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பயாஸ் திரை வந்து, பிராசசர் பெயரும் ரேம் அளவும் எஸ்எஸ்டியும் தெரிந்தால் அணைத்துவிட்டு, ஒயரைப் பிடுங்கிவிட்டு, அடுத்த படி.

7. கேபினெட்டைத் தயார் செய்தல்

போர்டு உட்காரும் பித்தளை ஸ்டட்களை முதலில் பாருங்கள். ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் பெரும்பாலும் 244க்கு 244. கேபினெட்டில் பெரிய போர்டுக்கு ஏற்றபடி ஸ்டட் அடித்திருப்பார்கள். போர்டை மேலே பிடித்துப் பார்த்து, துளை இல்லாத இடத்தில் நிற்கும் ஸ்டட்டைக் கழற்றிவிட வேண்டும்.

மயிலாடுதுறையில் ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோவுக்குப் போட்ட மெஷினில் இதைத்தான் பார்த்தேன். வெளியே ஓடியது, உள்ளே வைத்தால் ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். போர்டை எடுத்துத் திருப்பினால், அடியில் ஈயப் பற்று இருக்கும் இடத்தில் வட்டமாக ஒரு கீறல், ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னது. ஒரே ஒரு ஸ்டட் மிச்சம். எஸ்எம்பிஎஸ் ஷார்ட்டைக் கண்டுகொண்டு நின்றதால் போர்டு பிழைத்தது. வெளியே ஓடிப் பார்த்திருந்ததால் பத்து நிமிடத்தில் விஷயம் பிடிபட்டது.

ஐஓ ஷீல்டு தனியாக வந்திருந்தால் இப்போதே உள்பக்கத்திலிருந்து அழுத்தி மாட்டுங்கள், நான்கு மூலையும் டிக் ஆக வேண்டும். அதன் சின்ன இரும்பு நாக்குகள் லேன் போர்ட்டுக்குள்ளும் யூஎஸ்பிக்குள்ளும் புகுந்துவிடும், லேசாக மடக்கி விடுங்கள்.

8. போர்டை இறக்குவதும் ஒயர்களும்

8 பின் பவர் ஒயரை மேல் மூலை ஓட்டை வழியாக முன்கூட்டியே இழுத்து வையுங்கள். போர்டு வந்தபின் அந்த மூலையில் விரல் போகாது.

எல்லா ஸ்க்ரூவையும் பாதி பாதி ஏற்றிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஒன்றை முதலிலேயே முழுதாக இறுக்கினால் மற்ற துளைகள் நேர்ப்படாது. கையில் தடை தெரிந்தவுடன் நிறுத்துங்கள்.

யூஎஸ்பி 3 ஒயரின் தலை பெரியது, அதன் பின்கள் மெல்லியவை. நேராகப் பிடித்து இறக்குங்கள், ஆட்டி ஆட்டித் தள்ளினால் பின் உள்ளே மடங்கிவிடும். யூஎஸ்பி 2-க்கும் முன்பக்க ஆடியோவுக்கும் தலை ஒரே அளவு, ஆனால் அடைத்திருக்கும் துளை வேறு இடத்தில். ஏறவில்லை என்றால் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

9. ஃப்ரண்ட் பேனல் ஒயர்கள்

கேபினெட்டின் ஸ்விட்ச், விளக்கு ஒயர்களைப் போர்டில் சொருகுவது எல்லோரும் பயப்படும் இடம். பொதுவான அமைப்பு இது: இரண்டு வரிசைப் பின்கள், ஒரு மூலையில் மட்டும் பின் இருக்காது. காலி மூலைக்கு எதிர் முனையிலிருந்து எண்ணுங்கள். அந்தக் காலி மூலை இருக்கும் வரிசையில் முதல் இரண்டு பின் பவர் எல்இடி, அடுத்த இரண்டு பவர் ஸ்விட்ச். மற்ற வரிசையில் முதல் இரண்டு ஹார்டுடிஸ்க் எல்இடி, அடுத்த இரண்டு ரீசெட். மேனுவலோடு ஒரு தடவை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச்சுக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படிச் சொருகினாலும் வேலை செய்யும். எல்இடிக்கு உண்டு, எரியவில்லை என்றால் திருப்பிப் போடுங்கள், எதுவும் கெட்டுவிடாது.

10. கிராபிக்ஸ் கார்டு

மேலே உள்ள நீளமான ஸ்லாட்டில், கிளிப் டிக் ஆகும்வரை. பவர் ஒயர் கொடுங்கள். மானிட்டர் கேபிள் இனி கார்டில்தான். கேபினெட்டின் பின்பக்கத்தில் கார்டுக்காகக் கழற்றிய தகடுகள் போக மிச்சமுள்ள ஓட்டைகளை மூடியே வையுங்கள். அந்த வழியாகப் பல்லி போய் ஷார்ட் ஆன எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்திருக்கிறேன்.

11. பயாஸ்: எதை முதலில், எதைப் பிறகு

ஆன் செய்தவுடன் டெலிட் கீயை விட்டு விட்டுத் தட்டுங்கள், சில போர்டில் எஃப்2.

முதலில் எதையும் மாற்றாமல் சூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் பயாஸிலேயே விட்டும் 50 டிகிரிக்குள் நின்றால் கூலர் சரி. நிற்காமல் 80, 90 என்று ஏறினால் உடனே அணைத்துவிட்டுக் கூலரின் பின்களைப் பாருங்கள்.

அடுத்தது பயாஸ் அப்டேட். மற்ற செட்டிங்கெல்லாம் இதற்கு அப்புறம்தான், ஏனென்றால் அப்டேட் செய்தால் நீங்கள் மாற்றியதெல்லாம் அழிந்து பழைய நிலைக்குப் போய்விடும். அப்டேட் தேவையா என்று கேட்பவர்களுக்கு: இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய பிராசசர்கள் அதிக வோல்டேஜ் கேட்டுத் தாமே பழுதாகும் சிக்கலுக்கு, 2024 ஆகஸ்டிலிருந்து வந்த மைக்ரோகோடு (பிராசசரின் உள் புரோகிராம்) திருத்தம் பயாஸ் வழியாகத்தான் பிராசசருக்குப் போகிறது. 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சில எரிந்தபோது பிராசசருக்குள் ரேமைக் கவனிக்கும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தியதும் பயாஸ் அப்டேட்தான்.

போர்டின் பெயர் மட்டுமல்லாமல் மூலையில் அச்சடித்திருக்கும் ரிவிஷன் எண்ணையும் பார்த்துச் சரியான ஃபைலை இறக்குங்கள். பென்டிரைவ் ஃபேட்32-ஆக இருக்க வேண்டும். பீட்டா பதிப்பு வேண்டாம். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டு செத்துப்போகலாம், ஆகவே யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளிலும், இடி மழையிலும், சுற்றிலும் பம்புசெட் ஓடி வோல்டேஜ் ஏறி இறங்கும் நேரத்திலும் தொடாதீர்கள்.

அப்புறம் ரேம் வேகம். 3200 என்று வாங்கிய டிடிஆர்4 ரேம் பல நேரம் 2133 அல்லது 2400-இல்தான் ஓடிக்கொண்டிருக்கும். இன்டெல்லில் எக்ஸ்எம்பி, ஏஎம்5-இல் எக்ஸ்போ என்ற புரொஃபைலை ஆன் செய்தால்தான் எழுதியிருக்கும் வேகம் வரும். இதை ஆன் செய்து சேமித்து, ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு அடுத்த செட்டிங்குக்குப் போங்கள். பத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டு மெஷின் எழவில்லை என்றால் எது காரணம் என்று தெரியாது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் பெரும்பாலும் 11-தான் போடுவீர்கள். அதற்கு டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் பாதுகாப்புப் பகுதி) வேண்டும். இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும், ஆன் செய்யுங்கள். பழைய முறையில் மெஷினை எழுப்பும் சிஎஸ்எம்-ஐ ஆஃப் செய்து, நம்பகமான சிஸ்டத்தை மட்டும் எழவிடும் செக்யூர் பூட்டை ஆன் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: ஏற்கெனவே பழைய விண்டோஸ் உள்ள டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருந்தால், சிஎஸ்எம் ஆஃப் ஆனவுடன் அது எழாது. டேட்டாவைப் பத்திரப்படுத்திய பிறகே மாற்றுங்கள்.

விண்டோஸ் போடும்போது டிஸ்கே காட்டவில்லையா? இன்டெல் போர்டு என்றால் விஎம்டி என்ற செட்டிங் ஆன் ஆகியிருக்கலாம். ரெய்டு (பல டிஸ்கை ஒன்றாகச் சேர்ப்பது) போடவில்லை என்றால் விண்டோஸ் ஏற்றும் முன்பே ஆஃப் செய்யுங்கள். விண்டோஸ் போட்ட பிறகு அதை மாற்றினால் நீலத் திரை வரும்.

கரண்ட் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கும், ஏசி பவர் லாஸ் என்ற பெயரில் தேடுங்கள். நம் ஊருக்கு அதை ஆஃபிலேயே வையுங்கள். போன கரண்ட் திரும்பும்போது முதல் சில நொடி வோல்டேஜ் நிலையில்லாமல் இருக்கும், உடனே மறுபடி போகவும் செய்யும். அந்த நேரத்தில் மெஷின் தானாக எழுந்து நடுவில் விழுவது எஸ்எஸ்டிக்கு நல்லதில்லை. சிசிடிவி மாதிரி ஆள் இல்லாமல் ஓட வேண்டிய மெஷினுக்கு மட்டும் ஆன்.

ஃபேன் வேகத்தையும் பாருங்கள். கட்டுப்பாட்டு முறை 4 பின் ஃபேனுக்குப் பிடபிள்யூஎம், 3 பின் ஃபேனுக்கு டிசி. மார்கழியில் செட் செய்த அமைதியான வேகம் அக்னி நட்சத்திரத்தில் போதாது, 75 டிகிரியில் ஃபேன் முழு வேகத்தைத் தொடும்படி வைப்பது என் வழக்கம்.

எஃப்10 அழுத்திச் சேமிக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போர்டின் பேட்டரி தீர்ந்து செட்டிங் அழிந்தால் அதைப் பார்த்தே திரும்பப் போட்டுவிடலாம்.

12. டிஸ்ப்ளே வரவில்லை என்றால்

பதற்றத்தில் எல்லாவற்றையும் பிடுங்காதீர்கள். போர்டில் சிபியூ, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு விளக்கு இருந்தால் எதில் நிற்கிறது என்று பாருங்கள். சிபியூ என்றால் முதலில் 8 பின் ஒயர், பிறகு பயாஸ் பதிப்பு, பிறகு சாக்கெட் பின். டிரேம் என்றால் ஒரே ஒரு ரேமை 2-ஆவது ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், இன்னொன்றையும் அதே ஸ்லாட்டில் பாருங்கள். விஜிஏ என்றால் கார்டின் பவர் ஒயர், அப்புறம் மானிட்டர் கேபிள் எதில் இருக்கிறது என்பது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் இருந்த பழைய ரேம் என்றால் தங்க முனைகள் மங்கியிருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, உலர்ந்தபின் போடுங்கள்.

எக்ஸ்எம்பி ஆன் செய்த பிறகு எழவில்லை என்றால் பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பவர் ஒயரைப் பிடுங்குங்கள், சிஆர்2032 பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். கிளியர் சிமாஸ் என்று குறித்த இரண்டு பின் இருந்தால் சில நொடி சேர்த்துத் தொட்டாலும் போதும். கரண்ட் இணைப்பில் இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது.

இத்தனைக்கும் அசையவில்லையா? போர்டை வெளியே எடுத்து, 6-ஆவது படிக்குத் திரும்பிப் போங்கள்.

13. விண்டோஸ் போட்ட பிறகு

சிப்செட் டிரைவர் முதலில், அப்புறம் லேன், கிராபிக்ஸ், ஆடியோ. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு ராத்திரி ஓட விடுங்கள், எக்ஸ்எம்பியில் ஒரு பிழைகூட வரக் கூடாது. வந்தால் வேகத்தை ஒரு படி குறையுங்கள்.

போர்டின் பெட்டி, பில், மிச்ச ஸ்க்ரூ, சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடி எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுப் பரணில் வையுங்கள். வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது பின்களின் மேல் அந்த மூடி இருந்தாக வேண்டும், அது இல்லாமல் அனுப்பினால் வழியில் பின் வளைந்து, போர்டு அப்படியே திரும்பி வரும்.